நேரே கிடத்தினால் நேரே நடக்கும்
நாய்களின் இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சை பற்றிச் சில செய்திகள்

சத்திரசிகிச்சை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது வைத்தியரின் கையிலுள்ள கத்தியே. ஆயின், கத்தி தோலைத் தீண்டுமுன்னரே வெற்றி தோல்வியின் பெரும் பகுதி தீர்ந்துவிடுகின்ற சிகிச்சைகளும் உள. நாய்களுக்குச் செயற்கை இடுப்பு மூட்டுப் பொருத்துதல் அத்தகைய ஒன்று. அங்கே முதலாவது கலை வெட்டுவதன்று, கிடத்துவது.

வன்னியில் நாயில்லாத வளவு அரிது. வயலுக்குக் காவல், வீட்டுக்குக் காவல், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழன் என அது செய்யும் ஊழியம் பல. 2009 இற் போர் முடிந்தபின், இம்மண்ணிற் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளைத் தேடும் பணியிலும் மோப்ப நாய்கள் பங்குகொண்டன. அத்தகைய பிராணியொன்று பின்னங்காலை ஊன்ற இயலாது முனகும்போது, அதனை விதியென்று விட்டுவிடுதல் தகுமா?

இடுப்பு மூட்டு, பந்தும் கிண்ணமும் போன்ற அமைப்புடையது. தொடை என்பின் உருண்டையான தலை பந்து; இடுப்பென்பிலுள்ள குழி கிண்ணம். சில நாய்களில் இவ்விரண்டும் பொருந்தாமல் வளர்கின்றன. இக்குறைபாட்டை 1935 இல் அமெரிக்க மிருக வைத்தியர் ஜெரி ஷ்னெல் எடுத்துரைத்தார். அல்சேஷன், லாப்ரடோர் போன்ற பெருத்த இனங்களில் இது மிகுதி. நாளடைவில் மூட்டு தேய்ந்து, ஓயாத நோவைத் தரும்.

மனிதருக்குரிய செயற்கை இடுப்பு மூட்டை இங்கிலாந்திலே ஜோன் சாண்லி என்னும் வைத்தியர் 1962 இற் செம்மைப்படுத்தினார். கிண்ணத்துக்குப் பொலித்தீன் வகைப் பிளாஸ்திக்கு, பந்துக்கு உலோகம் என்பது அவர் கண்ட வழி. 1970 களில் அது நாய்களுக்கும் வந்தது. அமெரிக்காவின் ஒகாயோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓம்ஸ்டெட் முதலிய வைத்தியர்கள், 221 மூட்டுகளைப் பற்றிய ஐந்தாண்டு ஆய்வை 1983 இல் வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவை நற்பயன் அளித்திருந்தன.

இனிக் கிடத்தும் முறைக்கு வருவோம். மயக்கமருந்து பெற்ற நாயை, நோயுற்ற கால் மேலே இருக்குமாறு பக்கவாட்டிற் கிடத்துவர். முதுகெலும்பு மேசையின் விளிம்புக்குச் சமாந்தரமாகவும், இடுப்பு மேசைத் தளத்துக்குச் செங்குத்தாகவும் அமைதல் வேண்டும். சொல்வது எளிது, செய்வது அரிது. நாயின் மார்பு அகன்றது, இடுப்போ ஒடுங்கியது. ஆதலால் உடல் தானாகவே ஒருபுறம் சரியும். மேலேயுள்ள காலின் பாரமும் இடுப்பைத் திருகி இழுக்கும். இவற்றைத் தடுக்க, முன்னும் பின்னும் தாங்குகட்டைகள் வைப்பர். காற்றை உறிஞ்சியதும் இறுகி நிற்கும் மெத்தைப் பைகளையும் பயன்படுத்துவர். பின்னர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, இடுப்பின் இரு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்து தெரிகின்றனவா என்று பார்ப்பர்.

இத்துணைக் கவனம் எதற்கு? சிகிச்சை தொடங்கியதும் நாயின் உடல் முழுவதும் துணியால் மூடப்பட்டுவிடும். வைத்தியருக்குத் தெரிவது காயத்தின் வாய் மட்டுமே. கிண்ணத்தின் வாய் வெளிப்புறம் நோக்கி 35 முதல் 45 பாகை வரை திறந்து, பின்புறமாக 15 முதல் 25 பாகை வரை திரும்பியிருத்தல் நன்று. இக்கோணங்களை அவர் மேசையையும் தளத்தையும் கொண்டே கணிப்பார். நீர்மட்டம் பிழைத்தால் மேசன் எழுப்பும் சுவர் எவ்வாறு சரியுமோ, அவ்வாறே இடுப்பு பத்துப் பாகை சரிந்திருந்தால், வைத்தியரின் கை பிழையாதிருந்தும் கிண்ணம் பிழைத்துவிடும். அது மிகத் திறந்தால் பந்து மேற்புறமாகவும், மிகக் குறுகினால் கீழ்ப்புறமாகவும் நழுவக்கூடும்.

இதன் பொருளை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. செயற்கைக் கால் அணிந்து நடப்போர் நம்மிடையே உளர். பொருத்துகோணம் சற்றுத் தவறினும் முழங்காலும் முதுகும் எவ்வாறு நோகும் என்பதை அவர்கள் அறிவர். அவர்கள் வாய்திறந்து சொல்லலாம், திருத்துவிக்கலாம். வாயில்லாப் பிராணிக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் பொருட்டு முன்கூட்டியே நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன் மனிதனே.

செயற்கை மூட்டு பெருஞ் செலவுக்குரியது. எல்லா வீட்டு நாய்களுக்கும் கிட்டுவதன்று. தொடை என்பின் தலையை மட்டும் அகற்றி நோவைத் தணிக்கும் எளிய சிகிச்சையும் உண்டு. எனினும், 'ஒழுங்காகக் கிடத்துக' என்னும் பாடம் நமக்கெல்லாம் உரியது. வாகனத்தில் அடிபட்ட நாயின் பின்னங்கால் குறுகித் தோன்றினால் மூட்டு விலகியிருக்கலாம். அக்காலை இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். நோவின் மிகுதியால் வளர்த்தவரையே கடிக்குமாதலால் எச்சரிக்கையுடன் அணுகுங்கள். ஒரு பலகையை அருகே வைத்து, முதுகு வளையாமல், அடிபட்ட பக்கம் மேலிருக்குமாறு மெல்ல நகர்த்திக் கிடத்துங்கள். தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். விலகிய மூட்டைச் சில நாட்களுக்குள் ஏற்றுவது எளிது, நாள் செல்லச் செல்லக் கடினமாகும்.

பெருத்த இனக் குட்டிகளை வளர்ப்போர் அன்பின் மிகுதியால் அளவுமீறி ஊட்டிக் கொழுக்க வைத்தலும் ஆகாது. அந்தப் பாரம் முழுவதையும் சுமப்பது வளரும் மூட்டுகளே. செலவில்லாத இவ்வறிவு ஒவ்வொரு வீட்டிலும் இருக்குமாயின், பல நாய்கள் சத்திரசிகிச்சை மேசைக்குச் செல்லாமலே நான்கு கால்களிலும் நடந்து திரியும்.