இரண்டாவது ஜோடிக்கு வீடு எங்கே?

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு ‘ரீஃப்’ என்றால் தங்கம். பாறைக்குள் தங்கம் ஓடுகிற நரம்புக்குச் சுரங்கத்தில் அதுதான் பெயர். சாம்பியன் ரீஃப் என்று ஓர் ஊரே இங்கே உண்டு. அந்த நரம்பின் பின்னாலேயே போய், தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை செய்தார்கள் எங்கள் தாத்தாக்கள். கடலுக்கு அடியில் பவளம் வளர்ந்து எழுப்பும் திட்டுக்கும் அதே ரீஃப் என்ற பெயர்தான்.

என் அக்கா மகன் அந்த இரண்டாவது ரீஃபில் ஒரு துண்டைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்! அதில் ஆரஞ்சு உடம்பும் மூன்று வெள்ளைப் பட்டையுமாக இரண்டு கோமாளி மீன்கள். போன முறை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்தான்.

“மாமா, பொறந்தநாளுக்கு இன்னொரு ஜோடி வாங்கித் தரேன்னு அப்பா சொல்லிட்டாரு. நாலும் ஒண்ணா விளையாடும்ல?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவனைத் தொட்டி முன்னால் உட்காரவைத்தேன். “இதுல எது பெருசு?”

“இது. ரொம்பப் பெருசு. இதுதான் மொதல்ல சாப்பிடும்.”

சரியாகத்தான் பார்த்திருக்கிறான். கோமாளி மீனின் வாழ்க்கை முழுவதும் அந்தப் ‘பெருசு’ என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

கடலில் இவை கடல் சாமந்தியின் கைகளுக்குள் குடியிருக்கும். பெயர்தான் சாமந்தி. பூ இல்லை, அது ஒரு விலங்கு. அதன் ஒவ்வொரு கையிலும் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொடுக்குகள் உண்டு. மற்ற சின்ன மீன்கள் பட்டால் பிழைப்பது கடினம். கோமாளி மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பு மட்டும் அந்தக் கொடுக்குகளைக் கிளப்பிவிடுவதில்லை. அதனால் உலகத்திலேயே பத்திரமான வீடு அதற்கு அமைந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டை விட்டு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் போனாலே பெரிய மீன் விழுங்கிவிடும். வீடு போனால் உயிரும் போகும் என்ற நிலைமை.

ஒரு சாமந்தியில் பெரும்பாலும் ஒரு கூட்டம்தான் இருக்கும். அதில் மிகப் பெரியது பெண். அடுத்த அளவில் இருப்பது அதன் துணையான ஆண். மற்றவை எல்லாம் இன்னும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆகாமல் காத்திருப்பவை. தங்கவயலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் மெனக்கெட வேண்டியதில்லை. தண்ணீர் வரும் முன்பே குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்போமே, அதே முறைதான். முதல் குடம் எடுக்கப்பட்டால்தான் அடுத்த குடம் நகரும். பெண் மீன் இறந்துபோனால் ஆண் மீன் மெல்ல வளர்ந்து பெண்ணாகவே மாறிவிடும்! காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகும். எல்லாம் ஒரு படி முன்னே வரும். நீமோ படம் பார்த்திருப்பீர்கள். தாய் மீன் செத்த பிறகு, நிஜக் கடலாக இருந்தால் நீமோவின் அப்பாதான் அம்மாவாகியிருக்கும்.

வரிசையில் யாரும் இடையில் நுழைவதில்லையா? அதைத்தான் பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் பாப்புவா நியூ கினி கடலில் பார்த்தார். 2003இல் அவர் வெளியிட்ட முடிவு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. சின்ன மீன்கள் தங்கள் வளர்ச்சியைத் தாங்களே அடக்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதன் அளவில் ஐந்தில் நான்கு பங்கு அளவிலேயே நிற்கப் பார்க்கும். தாய் 80 மில்லிமீட்டர் என்றால் அடுத்தது ஏறக்குறைய 64, அதற்கடுத்தது 51. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அந்த இடைவெளி குறைந்தால் மேலே இருப்பது ‘இது என் இடத்துக்கு வருகிறது’ என்று விரட்டும். விரட்டப்பட்டால் போக வேறு வீடு கிடையாது. அதனால் வயிறு நிறையத் தின்று சீக்கிரம் பெரியவனாக வேண்டும் என்ற ஆசை இந்த மீனுக்கு ஆபத்து. பொறுமையாகக் காத்திருப்பதுதான் லாபம். சில கோமாளி மீன்கள் 30 வருஷம்கூட வாழும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நீளமான வரிசை அது.

வாய்ச்சண்டையும் உண்டு. தாடையைப் படக்கென்று மூடிப் பல்லோடு பல் மோதவிட்டு டொக் டொக் என்று சத்தம் எழுப்பும். பெரிய மீனின் சத்தம் கனமாக இருக்கும், சின்னதன் சத்தம் கீச்சாக இருக்கும். பணிந்துபோக வேண்டிய மீன் உடம்பை வெடவெடவென்று நடுக்கும். அதோடு சண்டை முடிந்துவிடும்.

“அப்ப புது ஜோடியும் நடுங்கிட்டாப் போதும்ல மாமா?”

நல்ல கேள்வி. ஆனால் புது ஜோடியில் இருக்கும் பெண்ணும் ஒரு ராணி. அதற்கு மேலே யாரும் இல்லாமல் வளர்ந்தது. இரண்டு ராணிகளும் ஒரே உயரம், ஒரே கனம். ஐந்தில் நான்கு என்ற இடைவெளி அங்கே இல்லவே இல்லை. கடலாக இருந்தால் தோற்றது ஓடி வேறு சாமந்தியைத் தேடலாம். கண்ணாடித் தொட்டியில் ஓடினால் ஒன்றரை முழத்தில் சுவர். தோற்ற மீன் நீர்மட்டத்தின் மூலையில் ஒண்டிக்கொண்டு, துடுப்பெல்லாம் கிழிந்து, சாப்பிடாமல் கிடந்து செத்துப்போகும். தப்பிக்க வழியில்லாத இடத்தில் சின்னச் சண்டைகூடக் கொலையில் முடியும்.

“கடையில ஒரே தொட்டியில அம்பது இருந்துச்சே?”

இருந்திருக்கும். அவை எல்லாம் குட்டிகள். எதற்கும் இன்னும் சொந்த வீடு இல்லை, ஜோடி இல்லை. கூட்டமாக இருப்பதால் ஒன்றையே யாரும் குறிவைத்து விரட்டவும் முடியாது. அதே ஐம்பதும் அதே தொட்டியில் வளர்ந்து பெரிதானால் நிலைமை வேறு. கடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் பலர்.

இன்னொரு சேதி. ஜப்பானின் ஒகினாவாவில் இருக்கும் ஆய்வாளர்கள், முட்டையிலிருந்து வளர்த்த இளம் கோமாளி மீன்களுக்கு முன்னால் பட்டைகள் தீட்டிய பிளாஸ்டிக் வட்டுகளைக் காட்டினார்கள். பட்டையே இல்லாதது, ஒரு பட்டை, இரண்டு, மூன்று. மூன்று பட்டை உள்ளதைத்தான் மீன்கள் அதிகமாகத் தாக்கின. 2024இல் இது வெளிவந்தது. தன்னைப் போலவே மூன்று பட்டை உள்ளவன்தான் தன் வீட்டைப் பிடுங்க வருவான் என்று அது எண்ணிப் பார்க்கிறது. பட்டை குறைந்த வேற்றினத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதாவது நம் பையன் ஆசைப்பட்ட அதே நிறத்து இரண்டாவது ஜோடிதான் முதல் ஜோடிக்கு முதல் எதிரி!

பல ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழும் இடமும் கடலில் உண்டு. எகிப்து நாட்டுச் செங்கடல் ஓரம் ராஸ் முகமது என்ற இடத்தில் கடல் சாமந்திகள் கூட்டம் கூட்டமாக விரிந்திருக்கும். முக்குளிப்பவர்கள் அதை ‘அனிமோன் சிட்டி’ என்பார்கள், சாமந்தி நகரம். அங்கே வீடுகள் ஏராளம், ஓடவும் இடம் உண்டு. அந்த இரண்டும் கூடத்துத் தொட்டியில் கிடைக்காது.

நம் பக்கத்தில் இதை நன்றாக அறிந்தவர்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அங்கே உள்ளது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் இனம் நீமோ போல இருக்காது. கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். எனக்கு அதுதான் இன்னும் அழகு.

ஜோடி சேர்ப்பதற்கு அங்கே பெண் பார்க்கும் படலமெல்லாம் கிடையாது. அளவில் வேறுபட்ட நாலைந்து மீன்களை ஒரே தொட்டியில் விடுவார்கள். சில மாதத்தில் இரண்டு மட்டும் மளமளவென்று வளரும், மற்றவை நின்றுவிடும். வளர்ந்த இரண்டும்தான் ஜோடி. உடனே அவற்றுக்குத் தனித் தொட்டி. முட்டையிட ஓர் ஓடு அல்லது மண்சட்டி. இடும் ஆரஞ்சு முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறி நல்ல தண்ணீர் அனுப்புவது அப்பா மீனின் வேலை. ஒரு வாரம் போல ஆனதும், விளக்கணைந்த பிறகு இருட்டில் குஞ்சுகள் வெளிவரும்.

இப்படிப்பட்ட பண்ணைகளில் தொட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தங்கவயலின் லைன் வீடுகள் ஞாபகம் வரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். குழாய் எல்லோருக்கும் பொது, அடுப்பு அவரவருக்குத் தனி. தொட்டிகளுக்கும் வடிகட்டி ஒன்றே. ஒரே உப்புத்தண்ணீர் எல்லா வீட்டையும் சுற்றிவரும். ஜோடிக்கு ஜோடி நடுவில் தடுப்பு.

அந்த உப்புத்தண்ணீருக்கு அக்கா மகன் படும் பாடு தனி. ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சமையல் உப்பு ஆகாது, கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடல் உப்புதான் வேண்டும். கோலார் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, அதைச் சுத்திகரித்துத்தான் கலக்க வேண்டும். வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். குளிர்கால இரவில் சூடாக்கியும் வேண்டும். இத்தனையையும் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று சாயங்காலம் ஒரு படம் வரைந்தான். பெரிய தொட்டி ஒன்று, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அடியில் தண்ணீர் போய்வரச் சின்னச் சின்ன ஓட்டைகள். இந்தப் பக்கம் ஒரு சட்டி, அந்தப் பக்கம் ஒரு சட்டி.

கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பென்சிலை எடுத்து நடுத் தடுப்பை முழுக்கக் கறுப்பாகத் தீட்டினான்.

“எதுக்குடா?” என்றேன்.

“பட்டையை எண்ணிடும் மாமா.”