சிவப்பு விழுந்தால் லேட்... லேட் விழுந்தால் சம்பளம்!

எங்கள் ஊரில் ரயில் தடம் புரண்டதே கிடையாது. சிக்னல் கோளாறா? சான்ஸே இல்லை. இதுவரை ஒரே ஒரு வண்டிகூட லேட்டாக வந்ததில்லை. ஜப்பான்காரன் கேட்டால் பொறாமைப்படுவான்!

காரணம் ரொம்ப சிம்பிள். எங்கள் ஊரில் ரயிலே கிடையாது.

அவலூர்பேட்டை. 'எங்கே இருக்கு?' என்று கேட்பவர்களிடம், 'செஞ்சிக்கு அந்தாண்டை, திருவண்ணாமலைக்கு இந்தாண்டை' என்பேன். செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தஸ்துகூட வந்துவிட்டது. ரயில்தான் வரக்காணோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போடப் போவதாக நான் ஸ்கூலில் படிக்கும்போதே பேச்சு. இப்போது எனக்கு முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. தேசிங்கு ராஜா காலத்தில் குதிரை, எங்கள் காலத்தில் பஸ். அவ்வளவுதான் முன்னேற்றம்!

அப்படிப்பட்ட ஊரிலிருந்து பி.காம். முடித்துவிட்டு, ஒரு சூட்கேஸும் அம்மா கட்டிக் கொடுத்த வேர்க்கடலை உருண்டையுமாக நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். புறநகரில் நாலு பேரோடு ரூம். ஆபீஸ் நகரத்துக்குள்ளே. நடுவில் மின்சார ரயில். சிக்னல் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். சும்மா இல்லை... அரைநாள் சம்பளத்தையும், கிட்டத்தட்ட உயிரையும் ஃபீஸாகக் கட்டி!

*

ஆபீஸ் ஒரு ஆடிட்டருடையது. பெயர் வேண்டாம், மனிதர் நல்லவர். கடிகாரம் விஷயத்தில் மட்டும் எமதர்மன். பத்து மணி ஆபீஸ். பத்து நிமிஷம் கிரேஸ். பத்து பதினொன்றுக்கு வந்தால் ரெஜிஸ்தரில் சிவப்பு மையால் ஒரு 'எல்'. மூன்று 'எல்' சேர்ந்தால் அரைநாள் சம்பளம் அவுட். நானோ புரொபேஷன். மாதம் பிறந்து பதினைந்து நாளில் ஏற்கெனவே இரண்டு 'எல்' வாங்கியிருந்தேன்.

அன்று காலை மழை. வண்டியில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அப்படிக் கூட்டம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டி நின்றது. எந்த ஸ்டேஷன் என்பதும் வேண்டாம், விடுங்கள். ஐந்து நிமிஷம்... பத்து... இருபது...

"சிக்னல் போச்சு. கரன்ட் இல்லையாம்" என்றார் ஃபுட்போர்டில் இருந்த ஒருவர்.

"கரன்ட் இல்லாமலா ஃபேன் ஓடுது?" என்று மடக்கினார் உள்ளே இருந்த ஒருவர்.

"ஃபேன் கரன்ட் வேற, சிக்னல் கரன்ட் வேற சார்."

"எல்லாம் கரன்ட்தான்யா!"

இந்தப் பட்டிமன்றம் முடிவதற்குள் மணி ஒன்பது நாற்பது. சில பேர் குதித்துத் தண்டவாளத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது 'எல்' என் கண்ணெதிரே ஆடியது. நானும் குதித்தேன்.

குடையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஜல்லியில் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று யாரோ என் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். விழுந்தேன். அடுத்த விநாடி, பக்கத்துப் பாதையில் ஒரு எக்ஸ்பிரஸ் தடதடவென்று போயிற்று. என் குடை அதோடு போய்விட்டது. இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

இழுத்தவர் மழைக்கோட்டு போட்ட ஒரு தண்டவாளத் தொழிலாளி. அப்பா வயசு இருக்கும். நான் எழுந்து நிற்கும்வரைக்கும் திட்டினார். கடைசியில் சொன்னார்:

"செவப்பு எரியுதுன்னா அது உன்னைக் காப்பாத்துதுன்னு அர்த்தம் தம்பி. அது காப்பாத்தி நிறுத்தி வெச்சா, நீ எறங்கி வந்து சாவுறியே!"

சேறு ஒட்டிய பேன்ட்டோடு ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். விஷயத்தைச் சொன்னேன். ஆடிட்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வவுச்சர் இருக்கா?"

"சார்?"

"ரயில் லேட்டுங்கறீங்க. ஆதாரம்? வவுச்சர் இல்லாத செலவை நாம ஒத்துக்கறோமா?"

பி.காம். படித்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? மூன்றாவது 'எல்' விழுந்தது.

*

அந்த 'சிவப்பு காப்பாற்றுகிறது' என்கிற வசனம் மட்டும் மண்டையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை என் பாணியில் சொல்கிறேன்.

தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் லேசான மின்சாரம் ஓட விடுகிறார்கள். அது மறுமுனையில் 'ரிலே' என்ற ஒரு காந்தச் சாதனத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். தூக்கியிருந்தால் 'பாதை காலி', பச்சை. ரயில் வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மின்சாரம் ரிலேக்குப் போகாது. ரிலே கீழே விழும். சிவப்பு! 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இப்போது பல இடங்களில் சக்கரத்தின் அச்சை எண்ணும் கருவிகளும் வந்துவிட்டன. அடிப்படைக் கொள்கை அதேதான்.

இதில் இருக்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள். ரயில் வந்தாலும் ரிலே விழும். தண்டவாளம் உடைந்தாலும் விழும். மழைத் தண்ணீர் தேங்கினாலும் விழலாம். கரன்ட் போனாலும் விழும். அதாவது, எது கெட்டாலும் சிவப்புப் பக்கமே கெட வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். விளக்கே எரியாமல் இருட்டாக நின்றாலும் அதைச் சிவப்பாகத்தான் டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். 'சந்தேகம் வந்தால் லாபம் காட்டாதே, நஷ்டத்துக்கு இடம் ஒதுக்கு' என்று அக்கவுன்டன்ஸியில் சொல்லிக் கொடுப்பார்களே, அதே தத்துவம்!

ஃபேன் ஓட, சிக்னல் மட்டும் எப்படிப் போகும்? வண்டி இழுப்பது மேல்கம்பியில் வரும் 25,000 வோல்ட். சிக்னலுக்கும் அதிலிருந்தே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்து எடுப்பார்கள். அது போனால் ஊர் கரன்ட். அதுவும் போனால் பேட்டரி, ஜெனரேட்டர். இத்தனை இருந்தும், நடுவில் ஒரு கேபிளை யாராவது பள்ளம் தோண்டி வெட்டிவிட்டாலோ, சார்ஜர் பழுதாகிப் பேட்டரி காலியானாலோ, மேலே கரன்ட் இருந்தும் சிக்னல் செத்துவிடும். ஆக, அன்றைய பட்டிமன்றத்தில் ஃபுட்போர்டு அணிக்கே வெற்றி!

சரி, சிக்னல் போனால் வண்டி அப்படியே நின்றுவிட வேண்டியதுதானா? இல்லை. தானியங்கி சிக்னல் சிவப்பாக இருந்தால் டிரைவர் பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். பிறகு, எந்த நேரமும் நிறுத்தத் தயாராக ஊர்ந்து போகலாம். பாதை நன்றாகத் தெரிந்தாலும் 15 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. ஸ்டேஷன் பக்கத்து சிக்னல் என்றால் இதுவும் ஆகாது. எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பாதை பிரியும் இடத்தில் ஆள் போய்க் கையால் திருப்பி, க்ளாம்ப் போட்டுப் பூட்ட வேண்டும்.

இப்போது கணக்கு. கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து நிமிஷம். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிஷம் நின்று, 15 கி.மீ.-ல் ஊர்ந்தால் இருபத்தைந்து நிமிஷம். இருபது நிமிஷம் பட்டை நாமம்! வண்டியில் 2,000 பேர் என்றால் மொத்தம் 40,000 நிமிஷம். எட்டு மணி நேர ஆபீஸ் கணக்கில் 83 ஆள்-நாள். இது ஒரு வண்டிக்கு. பின்னால் வரிசை கட்டி நிற்கிற வண்டிகளை நான் சேர்க்கவே இல்லை. ரெஜிஸ்தரில் சிவப்பு மை தீர்ந்துவிடும் சார்!

*

நம் ஊரில் மட்டும்தான் இப்படியா? 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் அடுத்தடுத்து வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடி மக்களுக்கு மேல் பாதிப்பு. நூற்றுக்கணக்கான ரயில்கள் நின்றன, டெல்லி மெட்ரோ உள்பட. 2020 அக்டோபர் 12-ம் தேதி காலை மும்பையில் கரன்ட் போய், லோக்கல் ரயில்கள் அங்கங்கே நின்றன. கொரோனா காலம் என்பதால் அத்தியாவசிய ஊழியர்கள் மட்டுமே அதில் பயணம். இல்லாவிட்டால் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒழுங்குக்குப் பெயர்போன சிங்கப்பூரிலேயே 2015 ஜூலை 7 மாலை, ஆபீஸ் விடும் நேரத்தில் இரண்டு முக்கிய மெட்ரோ பாதைகளும் மின்கோளாறால் நின்றன. தவித்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். ரயில் நடத்திய கம்பெனிக்கு 54 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டார்கள்.

நின்றுபோனதைவிட பயங்கரம், நிற்க வேண்டிய இடத்தில் பச்சை காட்டுவது. லண்டன் கிளாப்ஹாம் ஜங்ஷனில் 1988 டிசம்பர் 12-ம் தேதி, அகற்றியிருக்க வேண்டிய ஒரு பழைய ஒயர், சிவப்பு விழ வேண்டிய சிக்னலைச் சிவப்பு காட்டாமல் செய்துவிட்டது. ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: அந்த வேலையைச் செய்த டெக்னீஷியன் முந்தைய 13 வாரத்தில் லீவு எடுத்தது ஒரே ஒரு நாள்! நம் நாட்டில் 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே 290 பேருக்கு மேல் பலியான விபத்துக்கும் சிக்னல் ஒயரிங் குளறுபடிதான் காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தாமதத்தால் வரும் அவசரம். 2018 ஜூலை 24 காலை, சென்னையில் கோடம்பாக்கம் பக்கம் மேல்கம்பி அறுந்து ரயில்கள் தடைப்பட்டன. அடுத்து வந்த வண்டிகளில் கூட்டம் பிதுங்கியது. படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் பரங்கிமலை ஸ்டேஷனில் கான்க்ரீட் சுவரில் மோதினார்கள். இளைஞர்கள் உயிர் போயிற்று. தொங்கியவர்கள் யாரும் சாகசம் காட்ட வந்தவர்கள் இல்லை. காலேஜுக்கும் வேலைக்கும் போக வேண்டியவர்கள். என்னை மாதிரி, உங்களை மாதிரி. அந்தச் செய்தியைப் படித்தபோது என் பையை இழுத்த கைதான் நினைவுக்கு வந்தது.

*

ஆடிட்டர் கேட்ட வவுச்சருக்கு வருகிறேன். ஜப்பானில் அது நிஜமாகவே இருக்கிறது! ரயில் தாமதமானால் 'இத்தனை நிமிஷம் லேட்' என்று ரயில்வேயே ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கும். ஆபீஸில், ஸ்கூலில் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். லண்டன் சுரங்க ரயிலில், நிர்வாகத்தின் தவறால் 15 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் காசையே திருப்பிக் கேட்கலாம். இங்கேயும் ரிசர்வேஷன் டிக்கெட்காரர், வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் லேட் என்று பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் உண்டு. தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டாவிட்டால் ரயில்வே நஷ்டஈடு தர வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தினமும் தொங்குகிற சீசன் டிக்கெட்காரனுக்கு? மூச்!

காசு கூட வேண்டாம் சார். ஒரு சீட்டு போதும். கையிலிருக்கும் செல்போனில் 'இன்று இந்தப் பாதையில் இத்தனை நிமிஷத் தாமதம்' என்று ரயில்வே முத்திரையோடு ஒரு செய்தி வந்தால் போதும். அதை ஆபீஸ்கள் மதிக்க வேண்டும். அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்திருந்தால், அன்று நான் வண்டியிலிருந்து குதித்தே இருக்க மாட்டேன்.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இந்த ரிலே கதையெல்லாம் விளக்கினேன். வயல் வரப்பில், மோட்டார் கொட்டாய் பக்கத்தில் உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா இவ்ளோ படிச்சே? கரன்ட் போனா நம்ம ஸ்டார்ட்டர் கீழ வுழுதே, அதே கதைதானடா."

எனக்கு வாயடைத்துவிட்டது. ஆமாம்! பம்ப்செட் ஸ்டார்ட்டரும் அப்படித்தானே? கரன்ட் போனால் விழும். மறுபடி வந்தாலும் தானாக எழாது. ஆள் போய்ப் பார்த்துத்தான் போட வேண்டும்.

"வுழுந்தா சனியன்னு திட்டுவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வரணுமேன்னு எரிச்சலா இருக்கும். ஆனா வுழுந்துச்சுன்னா மோட்டார் தப்பிச்சுதுன்னு அர்த்தம். பக்கத்துக் கொல்லிக்காரன் சோம்பேறித்தனத்துக்கு ஸ்டார்ட்டர் வுழாம குச்சி வெச்சு முட்டுக் கொடுத்தான். என்னாச்சு? காயில் கருகி, மோட்டாரைத் தூக்கிக்கிட்டுச் செஞ்சிக்கு ஓடனான்."

கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அன்னிக்கு உன் பையைப் புடிச்சு இழுத்தாரே, அவரு பேரு கேட்டியா?"

கேட்கவில்லை. எனக்கு அன்று ஆபீஸுக்கு லேட்டாகிக்கொண்டிருந்தது.