11.19 சதவீதம் யார் வீட்டுக் கணக்கு?

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் ஓர் எண் ஊர்வலம் வந்தது. 11.19. மாநிலத்தின் பொருளாதாரம் 2024-25ஆம் ஆண்டில் இத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகத்தின் பட்டியல் சொன்னது. 2010-11க்குப் பிறகு இரட்டை இலக்கத்தைத் தொட்டது இதுவே முதல்முறை. ஆளுங்கட்சி கொண்டாடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் நான்கு மாதங்களுக்கு முன்பு, ஏப்ரலில், அதே ஆண்டுக்கு அதே அமைச்சகம் தந்த எண் 9.69. இடையில் என்ன நடந்தது? ஆண்டு மார்ச்சோடு முடிந்துவிட்டது. புதிதாக யாரும் எதையும் உற்பத்தி செய்துவிடவில்லை. கணக்கு திருத்தப்பட்டது, அவ்வளவுதான். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்த 2024-25இன் மொத்த உற்பத்தி ஏப்ரலில் 17,23,698 கோடி ரூபாய்; ஆகஸ்டில் 17,32,189 கோடி. சுமார் 8,500 கோடி கூடியிருக்கிறது. முந்தைய ஆண்டின் கணக்கோ 15,71,368 கோடியிலிருந்து 15,57,821 கோடியாக இறங்கியிருக்கிறது. அதாவது, ஏறியதைவிட இறங்கியது அதிகம். 2024-25இன் எண்ணில் ஒரு ரூபாய்கூடக் கூடாமல் இருந்திருந்தாலும், போன ஆண்டு மெலிந்த காரணத்தாலேயே வளர்ச்சி 10.65 சதவீதம் ஆகியிருக்கும். கூடிய ஒன்றரைப் புள்ளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்து வந்ததுதான்.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. எந்த மாநிலத்தின் கணக்கும் இப்படித்தான் இரண்டு மூன்று முறை திருத்தப்படும். பழைய எண்ணை வைத்துப் பார்த்தாலும் 9.69 பெரிய வளர்ச்சியே. ஆனால் 11.19ஐ மேடையில் சொன்னவர்களும் சரி, அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் சரி, 15,57,821ஐத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த எண் பிறக்கும் இடங்களில் ஒன்று சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள பொருளியல், புள்ளியியல் துறை. அதற்கு வரும் சரக்கு பல தரம். நெல் விளைச்சலுக்கு, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருந்து பரப்பு வரும். மகசூலுக்கு, தேர்ந்தெடுத்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். இது கண்ணால் பார்த்த கணக்கு. தொழிற்சாலைகளுக்கு அவற்றின் வரவு செலவுப் புத்தகம். ரயில்வே, வங்கி போன்றவற்றில் தமிழ்நாட்டின் பங்கு இவ்வளவு என்று டெல்லியே பிரித்துக் கொடுத்துவிடும். டீக்கடை, இஸ்திரி வண்டி, லேத் பட்டறை, பியூட்டி பார்லர் ஆகியவற்றுக்குத்தான் புத்தகமே கிடையாது. இத்தனை பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், ஒருவர் ஆண்டுக்கு இவ்வளவு ஈட்டுவார் என்று பழைய கணக்கெடுப்பை வைத்துப் பெருக்கி, அதை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கொண்டு போவார்கள். மாநிலத்தின் உழைப்பாளிகளில் பெரும்பகுதி இருப்பது இந்த நீட்டல் கணக்கில்தான்.

ஏப்ரல் மதிப்பீட்டில் இன்னொரு செய்தி இருந்தது. அதை யாரும் மேடையேற்றவில்லை. சேவைத் துறையும் தொழில் துறையும் பாய்ந்த அதே ஆண்டில் வேளாண்மை ஒரு சதவீதம்கூட வளரவில்லை. உழைப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இன்னும் அதை நம்பியிருக்கிறார்.

அப்படியானால் வேலை நிலவரத்தை எங்கே பார்ப்பது? 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புதான் இன்று நாட்டின் அதிகாரபூர்வ அளவுகோல். கணக்கெடுப்பாளர் கையில் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்து, கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா ஒரு மாடு வைத்துக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்: சுயதொழில். பொறியியல் முடித்த மகன் சம்பளம் இல்லாமல் அப்பாவின் செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறார்: குடும்பத் தொழிலில் உதவியாளர், அவரும் வேலையில் இருப்பவரே. சித்தாள் வேலைக்குப் போகும் பெரியப்பாவுக்கு அந்த வாரம் ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை கிடைத்தாலும் போதும். வாரக் கணக்கில் அவர் வேலையற்றவர் இல்லை. தேடித் தேடி அலுத்துப்போய்த் தேடுவதையே நிறுத்திவிட்ட மகளோ உழைப்பாளர் கணக்கிலேயே வரமாட்டார். ஆக, அந்த வீட்டில் வேலையில்லாதவர் ஒருவரும் இல்லை.

அளவுகோலும் ஒன்றல்ல. 2023-24க்கான ஆண்டறிக்கை, வழக்கமான நிலை என்ற முறையில் நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம் என்றது. 2025 ஏப்ரலுக்கான முதல் மாதாந்திர அறிக்கை, வார நிலை என்ற முறையில் 5.1 சதவீதம் என்றது. வேலையின்மை திடீரென எகிறிவிட்டது என்று இதைப் படித்தவர்கள் உண்டு. ஓராண்டு முழுவதையும் நினைவில் வைத்துக் கேட்பதும் ஏழு நாளை மட்டும் கேட்பதும் ஒரே விடையைத் தராது. தொலைக்காட்சி விவாதங்களில் அவரவர் தமக்கு வசதியான அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருவது வாடிக்கை.

வேலை எண்ணைக் கண்டு அரசுகள் அஞ்சுவதும் புதிதல்ல. இந்தக் கணக்கெடுப்பின் முதல் ஆண்டறிக்கை, வேலையின்மை 6.1 சதவீதம் என்று சொன்ன அறிக்கை, தயாரான பிறகும் வெளிவரவில்லை. தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்களான பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். மக்களவைத் தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்றுதான் அது வெளியானது.

தமிழ்நாட்டில் இன்னொரு பழக்கம் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை லட்சம் பேருக்கு வேலையில்லை என்று எழுதுவது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பள்ளியிலேயே பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வருபவர்கள் பலர். அவர்களில் கல்லூரி மாணவரும் உண்டு, தனியார் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவரும் உண்டு. அந்தப் பதிவேடு அரசு வேலை மீதான ஆசையை அளக்கிறது. குரூப் 4 தேர்வும் அப்படித்தான். 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். 2025இல் 3,935 இடங்கள், ஏறக்குறைய 14 லட்சம் பேர். ஆறு லட்சம் பேருக்கு வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இதை வாசித்தால் அது பேராசை. இடம் குறைந்தது, போட்டி முகம் காட்டியது, சிலர் ஒதுங்கியிருக்கலாம்.

திருப்பூர்க்காரர்கள் இந்த அறிக்கைகளுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. அவர்களுடைய கணக்கு பனியன் கம்பெனி கேட்டில் தொங்குகிறது. 'டெய்லர், ஓவர்லாக், செக்கிங், கைமடிக்கு ஆட்கள் தேவை' என்ற அட்டை தொங்கினால் ஆர்டர் இருக்கிறது. காணவில்லை என்றால் இல்லை. அடுத்த அறிகுறி ஷிப்ட். அங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். சீசனில் ஒன்றரை ஓடும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்காவின் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். அதில் மூன்றில் ஒரு பங்கு போல அமெரிக்காவுக்குப் போவது. இப்படி ஓர் அடி விழும்போது முதலில் போவது வேலையல்ல, அந்தக் கடைசி அரை ஷிப்ட்.

இங்கேதான் அதிகாரபூர்வ அளவுகோல் தடுமாறுகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் ஒரு ஷிப்டுக்கு இறங்கினால் சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வாரத்தில் ஆறு நாள் ஓடிய கம்பெனி நான்கு நாள் ஓடினால் இன்னும் போகும். வாடகை, வட்டி, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் எல்லாம் தள்ளாடும். ஆனால் வேலையின்மை விகிதம் ஒரு தசமம்கூட அசையாது. அவர் வேலையில்தானே இருக்கிறார்! ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால் நிலைமை இன்னும் விசித்திரம். வேலை குறைந்ததும் அவர் ரயில் ஏறிவிடுவார். ஏறிய நிமிடமே தமிழ்நாட்டின் கணக்கிலிருந்து இறங்கிவிடுவார். திருப்பூரில் பறிபோன வேலை, ஒடிசாவின் பாலாங்கீரில் யாராவது போய்க் கேட்டால், அங்கே வேலையின்மையாகப் பதிவாகும்.

அந்த வரி அமலுக்கு வந்த அதே வாரத்தில் ஒன்றிய அரசு தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பை வெளியிட்டது. தொழிற்சாலை வேலைவாய்ப்பில் தமிழ்நாடு முதலிடம், நாட்டின் மொத்தத்தில் சுமார் 15 சதவீதம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருப்பதும் இந்தக் கணக்கெடுப்புகள் வழியே தெரியவந்ததே. பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் அவை 2023-24இன் எண்கள். உற்பத்தி எவ்வளவு என்று ஆண்டு முடிந்த சில வாரங்களில் சொல்லிவிட முடிகிற நாட்டில், அதை உண்டாக்கியவர்களின் கணக்கு ஒன்றரை ஆண்டு கழித்து வருகிறது.

இடைவெளியை நிரப்ப வேறு எண்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத்தான் பக்குவம் வேண்டும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தொழில் வளம் என்று அதைச் சொன்னால் அந்த வாரத்து வெயில் கோபித்துக்கொள்ளும். 2024 டிசம்பர் 5 அன்று பத்திரப்பதிவுத் துறைக்கு ஒரே நாளில் 238 கோடி ரூபாய் வருவாய். கார்த்திகை முகூர்த்தம், கூடுதல் டோக்கன். மாதம் பிறந்ததும் வரும் ஜி.எஸ்.டி. வசூல் கணக்கில் ஏப்ரல் எப்போதும் கொழுத்தே இருக்கும், மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்பு அதில் விழுவதால். ஒரு ஏப்ரலை அடுத்த ஏப்ரலோடு ஒப்பிடலாம். மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பொருளாதாரம் சரிந்துவிட்டது என்று அலறுவது வீண்.

2025 ஜனவரியில் தொழிலாளர் கணக்கெடுப்பு பெரிதாக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.72 லட்சம் வீடுகள், மாவட்டமே மாதிரித் தேர்வின் அடிப்படை அலகு. மாதந்தோறும் எண் வருகிறது, ஆனால் அது நாடு முழுவதற்குமான எண், மாநிலத்துக்குக் காலாண்டு. மாவட்ட அளவில் நம்பத்தக்க எண் வேண்டுமானால் மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதல் வீடுகளைக் கேட்டாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், முடிவு கசப்பாக இருந்தாலும் வெளியிடும் துணிவு வேண்டும். மாவட்டவாரியாக வருமானத்தைக் கணக்கிட்டு வரும் மாநிலம் இது. 2025 மார்ச்சில் தனக்கென்று முதல் பொருளாதார ஆய்வறிக்கையும் வெளியிட்டது. ஆனாலும், திருப்பூரில் போன காலாண்டில் எத்தனை பேர் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்று கேட்டால், இன்றைக்கும் சொல்லக்கூடியவர் கம்பெனி டைம்கீப்பர் ஒருவரே.