கார்பன் ஃபிரேம்: கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து வாங்கிய கார்பன் சைக்கிளைத் திண்டுக்கல்லில் எந்தக் கடையில் ஓவராயிலுக்கு விடுவீர்கள்? ஃபிரேம் தேர்வை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் நம் ஊருக்குச் சரிப்படும். பங்சர் ஒட்ட, கோட்டம் எடுக்க, பால்ரஸ் மாற்றக் கை தேர்ந்தவர்கள் இங்கே உண்டு. கார்பன் ஃபிரேமுக்குள் பேரிங்கை அழுத்தி ஏற்றவும், ஹைட்ராலிக் பிரேக்கில் காற்றெடுக்கவும் பெரும்பாலும் அறுபது கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கோ, இன்னும் தள்ளிக் கோவைக்கோ போக வேண்டும். விலை விசாரிக்கிற யாரும் இந்தப் போக்குவரத்துச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சைக்கிள்காரர்களுக்கு வாய்த்த ஊர்தான் இது. நத்தம் சாலையில் போய்த் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகளோடு சிறுமலை. வத்தலக்குண்டு வழியாக ஏறினால் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. மலை கூப்பிடுவதால்தான் கார்பன் ஆசையும் வருகிறது. அந்த ஆசையைக் கொஞ்சம் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

நல்ல அலுமினிய ஃபிரேம் 1,300 முதல் 1,500 கிராம் இருக்கும். நடுத்தரக் கார்பன் ஃபிரேம் 900 முதல் 1,100 கிராம். மிச்சம் சுமார் அரைக் கிலோ. ஆளும் சைக்கிளும் தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோ என்பது 0.6 சதவீதம். ஒரு மணி நேரத்தில் சிறுமலை ஏறுகிறவருக்கு ஏறத்தாழ 20 வினாடி மிஞ்சும். சமவெளியில் அதுவும் மிஞ்சாது. ஆடி மாதத்தில் மேற்குக் காற்றை எதிர்த்துப் பழனிச் சாலையில் மிதிக்கிறவருக்குக் காற்றுதான் எதிரி. அந்தத் தடையில் முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. முதுகு வலிக்காமல் இரண்டு மணி நேரம் குனிந்திருக்க விடுகிற ஃபிரேம் எதுவோ அதுதான் வேகமான ஃபிரேம்.

அதனால் விலைப்பட்டியலில் எடையைத் தேடுவதற்கு முன் ‘ஸ்டாக்’, ‘ரீச்’ என்ற இரண்டு அளவுகளைப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் ஃபிரேம் எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு முன்னே நீள்கிறது என்பதை அவை சொல்லும். 54, 56 என்ற எண்களை நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றின் 52-ஆக இருக்கும். இப்போது ஓட்டும் சைக்கிளில் இந்த இரண்டையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஒரு சைஸ் பெரியதை வாங்கி வருவதைப் போல வீண் செலவு இந்த விளையாட்டில் வேறில்லை.

இத்தனைக்கும் பிறகு கார்பன்தான் வேண்டும் என்றால், வாங்குங்கள். இழைகளை வேண்டிய திசையில் அடுக்கி ஒரு பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் வளைந்து கொடுக்கும்படியும் செய்யும் வசதி உலோகத்தில் இந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் உச்சாணிக் கொம்பில் இருப்பதை வாங்காதீர்கள். பெரிய கம்பெனிகள் ஒரே வடிவத்தை இரண்டு மூன்று தரத்தில் செய்கின்றன. 2020-இல் வந்த ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்.எல்.7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயர்ந்த எஸ்-ஒர்க்ஸ் ஃபிரேம் சுமார் 800 கிராம், அடுத்த தரம் சுமார் 920 என்று கம்பெனியே சொன்னது. வடிவம் ஒன்று, அளவுகள் ஒன்று. 120 கிராம் வித்தியாசத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணமோ ஒரு நல்ல சக்கர ஜோடியின் விலை. டோரே டி700, டி800, டி1000 என்று ஸ்டிக்கர் ஒட்டுவது இப்போது மோஸ்தர். அவை ஜப்பானிய நாரின் தரத்தைக் குறிப்பவை. நாரை எப்படி அடுக்கினார்கள், பிசின் எப்படி இறுகியது என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. மாங்காய்ப் பூட்டின் பளபளப்பை விட்டுவிட்டு உள்ளே நெம்புகோல் எத்தனை என்று கேட்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே பார்க்க வேண்டியதில் முதலாவது பி.பி., அதாவது பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட். 2000-க்குப் பிறகு எடை குறைப்பு, விறைப்பு என்று காரணம் சொல்லிக் கம்பெனிகள் திருகுமரையைக் கைவிட்டு, பேரிங்கை அழுத்திச் செருகும் முறைக்குப் போயின. பி.பி.30, பி.எஃப்.30, பி.எஃப்.86 என்று ஆளுக்கொரு அளவு. ஓட்டையின் வட்டம் இம்மி பிசகினாலும் மிதிக்கும்போது கிறீச்சிடும். செம்மண் புழுதி புகுந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல வேளையாகக் காற்று திரும்பியிருக்கிறது: மேலே சொன்ன எஸ்.எல்.7 பழைய பி.எஸ்.ஏ. மரைக்கே திரும்பிவிட்டது. பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் அது, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் நம் வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நின்ற பி.எஸ்.ஏ. சைக்கிளிலும் அதே பெயர்தான். இந்த மரை உள்ள ஃபிரேம் என்றால் ஒரு பி.பி. ஸ்பேனர் வைத்திருக்கும் நம்மூர் மெக்கானிக்கே கழற்றி மாட்டலாம். வலப்பக்கக் கப் எதிர்மரை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சீட் போஸ்ட் 27.2 மில்லிமீட்டர் உருண்டையாக இருந்தால் எங்கும் மாற்று கிடைக்கும். ‘டி’ வடிவம் என்றால் அந்தக் கம்பெனியின் தயவுதான். கேபிளெல்லாம் ஹெட்செட் வழியாக உள்ளே மறைந்து ஓடும் ஃபிரேம் பார்க்க அழகு. ஒரு ஹெட்செட் பேரிங்கை மாற்றப் பிரேக் குழாயையே கழற்ற நேரிடும்போது அழகு கசக்கும். டயருக்கு 30 மில்லிமீட்டராவது இடம் வேண்டும், 32 என்றால் நிம்மதி. கொடைக்கானலிலிருந்து இறங்கும் நீண்ட சரிவை மனதில் வைத்து டிஸ்க் பிரேக்கே வாங்குங்கள். ரிம் பிரேக்கும் கார்பன் ரிம்மும் சேர்ந்தால், விடாமல் பிரேக் பிடிக்கும் சூட்டில் ரிம்மின் பிசினே இளகக்கூடும்.

மலிவு வழி ஒன்று உண்டு. சீனத்தில் பொதுவான அச்சில் வார்த்து, பெயர் ஒட்டாமல் விற்கும் ஃபிரேம்கள். அதில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். உலகின் கார்பன் ஃபிரேம்களில் பெரும்பங்கு சீனத்திலும் தைவானிலும்தான் உருவாகிறது. ஆனால் வெளிநாட்டினர் அதை வாங்கும் அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரிலேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. நேரடியாக வரவழைத்தால் கூரியர், சுங்கவரி, அதன்மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது உதவிதான். சுங்கவரி சுங்கவரியாகவே நிற்கிறது. வந்த பிறகு விரிசல் கண்டால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. அப்படியும் வாங்குவதென்றால் ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மிதி விசையை ஒரு லட்சம் முறை கொடுத்துப் பார்க்கும் களைப்புச் சோதனை அதில் உண்டு. பினரெல்லோ என்று பெயர் எழுதிக் கால் விலைக்கு வருவது போலி. அதில் பேரமே பேசாதீர்கள்.

பழைய ஃபிரேம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் ஆயுட்கால உத்தரவாதம் பொதுவாக முதல் உரிமையாளருக்கே. ரசீது உங்கள் கைக்கு மாறினாலும் உத்தரவாதம் மாறாது. ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பி.பி.யைச் சுற்றியும் சீட் கிளாம்ப் அருகிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமாகும்; அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். சீட் போஸ்ட் அசைகிறதா என்றும் பாருங்கள். வியர்வை இறங்கி, அலுமினிய போஸ்ட் கார்பனுக்குள் அரித்து இறுகிப்போன ஃபிரேமை மீட்பது பெரும்பாடு.

ஃபிரேம் விலையோடு ஒரு டார்க் ரெஞ்சும் ஒரு குப்பி கார்பன் பேஸ்ட்டும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். சீட் கிளாம்ப்பில் ‘5 நியூட்டன் மீட்டர்’ என்று எழுதியிருந்தால் ஐந்துதான். இன்னும் ஒரு திருகு என்று நம் வழக்கப்படி முறுக்கினால் கார்பன் நசுங்கும். மெக்கானிக் ஸ்டாண்டில் மாட்டும்போது பாரைக் கவ்வ விடாதீர்கள், சீட் போஸ்ட்டைக் கவ்வச் சொல்லுங்கள். கடைசியாக, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் இரண்டு உபரியாக வாங்குங்கள். வலப்பக்கமாகச் சைக்கிள் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான், ஃபிரேமுக்கு ஃபிரேம் அது வேறுபடும். 2019-இல் ஸ்ராம் கொண்டுவந்த பொது அளவு ஹேங்கர் உங்கள் ஃபிரேமில் இருந்தால் பின்னாளில் தேடி அலைய வேண்டாம். இல்லையென்றால் ஃபிரேம் வாங்கும் அன்றே ரசீதில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.