சேர்க்காமையும் ஒரு கலை

புறநானூற்றின் 56ஆம் பாடலிலே நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் நற்கலத்திற் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை உண்டு இனிதிருக்க என்கின்றார். வெறியையன்றிக் குளிர்ச்சியையும் மணத்தையுமே புலவர் விதந்து கூறியமை, அப்பாடலைக் கற்பிக்குந்தோறும் என் சிந்தையைத் தொடும்.

அவ்விரு குணங்களையுமே பெரிதெனக் கொண்டு மது வடிப்போர் இன்றும் உளர். பிரான்சின் போசொலே மலைச்சரிவில் மோர்கொன் என்றோர் இடம் உண்டு. அங்கு விளைவது காமே என்னும் கருந்திராட்சை. 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப்பு இழிந்ததென்று சொல்லித் தன் நாட்டிலிருந்து பிடுங்கியெறியப் பணித்த கொடி அது. 1973இல் தந்தையின் தோட்டத்தைப் பொறுப்பேற்ற மார்சல் லப்பியேர் (1950–2010) என்பவர், அத்திராட்சையைக் கொண்டே புகழ் ஈட்டினார். விலைக்கு வாங்கிய மதுவத்தை அவர் சேர்க்கவில்லை. பழத்தோலில் இயல்பாய் உள்ளதே போதும் என்றார். கெடாது காக்கும் கந்தகவீரொட்சைட்டையும் இயன்றவரை விலக்கினார். குலைகளை நசுக்காது தொட்டியில் இட்டு மூடினால், காபனீரொட்சைட்டு நிறைந்து, பழத்தின் உள்ளேயே நொதித்தல் தொடங்கும். தோலின் துவர்ப்பு மிகுதியாய் இறங்காது. ஆதலால் மென்சிவப்பு நிறமும் பழமணமும் உடைய இலகுவான மது கிடைக்கும். அதனைச் சற்றே குளிரவைத்துப் பரிமாறுவர்.

இது நமக்குப் புதிதன்று. ஸ்பிரிங்வெளியைச் சூழ்ந்த ஊவாக் கிராமங்களிலே கித்துள் பூங்குலையைச் சீவிப் பானை கட்டுவோர் இதே பாடத்தை அறிவர். பானையில் ஹல் மரப்பட்டையை இட்டால் சாறு இனிப்புக் கெடாது நின்று பாணியாகும். இடாவிடின் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகும். யாழ்ப்பாணத்துப் பனையில் இத்தொழிலைச் சுண்ணாம்பு செய்கின்றது. சுண்ணாம்பிட்ட முட்டியிற் கருப்பநீர். இடாத முட்டியிற் கள்.

ஒன்றும் சேர்க்காமை ஒன்றும் செய்யாமையாகாது. லப்பியேருக்கு வழிகாட்டிய ஷூல் ஷொவே (1907–1989) ஓர் இரசாயன அறிஞர். காப்புப் பொருளை விலக்கியவன் அழுகிய பழத்தை ஒவ்வொன்றாய்க் கையாற் பொறுக்க வேண்டும். கலத்தின் தூய்மையை அயராது காக்க வேண்டும். மருந்து குறையுந்தோறும் விழிப்பு மிகவேண்டும்.

மதுவுக்காக வழக்காட நான் முன்வரவில்லை. சம்பளம் சாராயக்கடையிற் கரைந்தமையால் கொப்பியின்றி வரும் பிள்ளைகளை வகுப்பிற் கண்டவன் நான். மென்மது ஆயினும் மது மதுவே. சீனியையும் மதுவத்தையும் அவசரமாய் ஊறவைத்துக் காய்ச்சும் கசிப்போ அதனினும் கொடிது. அங்கே மணமும் இல்லை, பருவமும் இல்லை, வெறி ஒன்றே நோக்கம்.

என் கவலை வேறு. கித்துள் ஏறுவோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். பட்டையின் அளவையும் பாளையின் பருவத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்தவர் மறைந்தால், அவ்வறிவும் உடன் மறையும். பிரான்சியர் தம் உழவரின் அறிவை ஆய்வுகூடத்தில் வைத்து ஆராய்ந்து நூலாக்கினர். நாமோ நொதித்தலைக் கரும்பலகையிற் சமன்பாடாக மட்டும் எழுதுகின்றோம். விஞ்ஞான ஆசிரியர் ஒருநாள் மாணவரைக் கித்துள் மரத்தடிக்கு அழைத்துச் சென்று, பட்டையிட்ட பானையையும் இடாத பானையையும் அருகருகே காட்டுவாராக. பருக வேண்டியதில்லை, முகர்ந்தறிந்தாலே போதும்.