நாயை ஏமாற்றிய கைக்குட்டை

மோப்ப நாயை ஒரு கைக்குட்டையால் ஏமாற்ற முடியுமா, நேயர்களே?

முடிந்திருக்கிறது! 1943-ஆம் ஆண்டு, டென்மார்க். நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஹிட்லரின் படை, அங்கிருந்த யூதர்களைக் கைதுசெய்யக் கிளம்பியது. சேதி முன்கூட்டியே கசிந்துவிட, அக்கம்பக்கத்தார் அவர்களை ஒளித்துவைத்தார்கள். மீனவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் ஏற்றி, எதிர்க்கரையில் இருக்கும் சுவீடனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால், படகைச் சோதனைபோட வரும் சிப்பாய்களோடு மோப்ப நாயும் வருமே? அதற்காக சுவீடன் விஞ்ஞானிகள் ஒரு பொடி தயாரித்தார்கள். காய்ந்த முயல் ரத்தமும் கொகெயினும் கலந்த பொடி. கைக்குட்டையில் அதைத் தடவிவைத்தால், ரத்த வாசனைக்கு நாய் ஓடிவந்து முகரும். கொகெயின் அதன் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். அப்புறம் பக்கத்திலேயே ஆள் ஒளிந்திருந்தாலும் நாய்க்குத் தெரியாது. யாருக்குத்தான் தோன்றியதோ இந்த யோசனை!

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி 1989-இல் எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' என்ற சிறுவர் நாவலில் இந்தக் கைக்குட்டை வருகிறது. தோழி எல்லனைக் காப்பாற்ற, பத்து வயது ஆன்மேரி சாப்பாட்டுக் கூடைக்குள் அடியில் ஒரு பொட்டலத்தை மறைத்துக்கொண்டு காட்டுவழியே ஓடுகிறாள். சிப்பாய்கள் மறித்து, பொட்டலத்தைப் பிரித்தே பார்த்துவிடுகிறார்கள். உள்ளே கைக்குட்டை! இதற்கா இத்தனை பாடு என்று கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள். அது எதற்கென்று அவளுக்கே அப்போது தெரியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீதிக் கதையை அந்தப் புத்தகமே சொல்லட்டும்.