பல்கலைக் கழக நூல்நிலையமும் கணினியும்

நூல்நிலையம் என்றவுடன் உயர்ந்த அலமாரிகளும் அமைதியான வாசிப்புக் கூடமும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று அந்நிலை மாறி வருகிறது. ஃபேரர் பார்க் நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கி, பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு நடந்து செல்லும் மாணவன், தன் கைப்பேசியிலேயே ஒரு பல்கலைக் கழகத்தின் நூற்பட்டியலைத் திறந்து பார்க்கலாம். ஆயின், அவன் தேடும் தமிழ் நூல் அதில் அகப்படுமா என்பதே கேள்வி. நூல் அலமாரியில் இருந்தும் பட்டியலில் அகப்படவில்லையெனில், அவனைப் பொறுத்தமட்டில் அஃது இல்லாத நூலே.

இக்கேள்வி இந்நாட்டுத் தமிழருக்குப் புறம்பானதன்று. 1949-இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக் கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை அமைந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடமும் தமிழ் நூல்களும் வேண்டுமென்று கோ. சாரங்கபாணி முன்னின்று, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைப் பொதுமக்களிடம் திரட்டினார். பின்னர் அத்துறை கோலாலம்பூருக்குச் சென்றது. பல்கலைக் கழகத்தில் தமிழ் நூல் இருக்க வேண்டும் என்பதற்காக மக்களே பொருள் கொடுத்த வரலாறு இது. அத்தகைய நூல்கள் நாளைய மாணவன் கையை எட்ட வேண்டுமாயின், நூல்நிலையத்தார் புதிய பொறிகளை வாங்குமுன் மூன்றைத் தீர்மானித்துக்கொள்ளுதல் வேண்டும். அவை எழுத்து, பட்டியல், காப்பு என்பன.

முதலாவது எழுத்து. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். முன்னாளில் எழுத்துரு அமைத்தவர்கள் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். ஆகவே ஓரிடத்தில் ‘கல்வி’ என்று அடித்தது மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இக்குறையைப் போக்க முயன்றவருள் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் இடம்பெற்றதில் அவருக்குப் பங்குண்டு. 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியதும் அம்முயற்சியின் தொடர்ச்சியே. இன்று யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையில் லகரத்துக்கு 2994, ளகரத்துக்கு 2995, ழகரத்துக்கு 2996 என்பன நிலையான எண்கள். எந்நாட்டுக் கணினியிலும் இவை மாறா.

இரண்டாவது பட்டியல். உலகப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் தமிழ் நூலின் பெயர் ரோமன் எழுத்திலேயே நெடுங்காலம் பதியப்பட்டு வந்தது. அம்முறையில் லகரத்துக்கு ‘எல்’ என்னும் எழுத்து. ளகரத்துக்கு அதன் அடியில் ஒரு புள்ளி. ழகரத்துக்கு அடியில் ஒரு கோடு. புள்ளியும் கோடும் விடுபட்டால் வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களும் ஒன்றாகிவிடுகின்றன. அறத்தைத் தேடுபவனுக்கு அரம் கிடைக்கும். மனத்தைத் தேடுபவனுக்கு மணம் கிடைக்கும். ழகரத்தை வேறுவகையில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவனுக்கோ ஒன்றுமே கிடைக்காமற் போகலாம். வகுப்பறையில் எழுத்துப் பிழையாகத் திருத்தப்படுவது, நூல்நிலையத்தில் ஒரு நூலையே மறைத்துவிடுகிறது!

இதற்கு மருந்து உண்டு. ஒரே பதிவில் ரோமன் எழுத்தையும் தமிழ் எழுத்தையும் சேர்த்து வைக்க இன்றைய பட்டியல் முறை இடந்தருகிறது. குறிகள் செம்மையாக இருக்கும் பழைய பதிவுகளைப் பெரும்பாலும் பொறியே தமிழுக்கு மாற்றிவிடும். குறிகள் விடுபட்டிருப்பின், தமிழறிந்த ஒருவர் நூலைக் கையிலெடுத்துப் பார்த்தே திருத்துதல் வேண்டும். பொறிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த ஒருவருக்கு ஒதுக்காத திட்டம் முழுமையான திட்டமாகாது.

நூலைப் படமெடுத்து வைத்தாலும் இதே நிலைதான். படத்தைக் கண்ணால் படிக்கலாம். அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. தேடுவதற்குப் பொறி எழுத்துகளை உணர்ந்து உரையாக மாற்றுதல் வேண்டும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் ணா, றா, னா, லை, ளை முதலியன பழைய வடிவில் இருப்பதால் பொறி தடுமாறக் கூடும். அங்கும் மெய்ப்புத் திருத்துபவர் வேண்டும்.

மூன்றாவது காப்பு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளவில்லை. இதற்கு மாறான செய்தியும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை, அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சிகாகோ பல்கலைக் கழகம் பெற்றது. நூல்களைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்து, நுண்படச் சுருள்களில் படியெடுக்க வழி செய்தது. மூலம் ஓரிடம், படி வேறிடம் என்பதே அதன் பாடம். படியெடுத்தால் மட்டும் போதாது. நுண்படத்தை விளக்கும் உருப்பெருக்கியும் இருந்தால் படித்துவிடலாம். ஆனால் 1997-இல் வழங்கிய நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி இன்று அரிது. எனவே புதிய கருவி வருந்தோறும் படிகளை மாற்றி வைக்கும் செலவையும் திட்டத்திலேயே சேர்த்தல் வேண்டும்.

2015-இல் சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் இணைந்து, இந்நாட்டுத் தமிழ் நூல்களை மின்வடிவில் தொகுத்து வழங்கின. அன்று நிதி கொடுத்த மக்கள், இன்று நூலும் உழைப்பும் கொடுக்க முன்வருவர் என்பதற்கு இஃது ஒரு சான்று. பள்ளி மலர், சங்க விழா மலர், பழைய பாடநூல் ஆகியவற்றைப் பழைய தாளோடு போட்டுவிடாமல் ஆசிரியர்கள் நூல்நிலையத்தில் சேர்ப்பார்களாக. அவற்றின் தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பார்களாக. எவ்வளவு விரைவான பொறியும் தனக்குக் கொடுத்ததையே திருப்பித் தரும். கொடுப்பது திருத்தமாக இருக்க வேண்டும் என்பது தமிழாசிரியர் என்றும் அறிந்த பாடமே.